சீசன் முடிந்த ஏரி

கொடைக்கானல் ஏரியில் மிதந்த முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. வரவழைத்தவர் வியர் ஹென்றி லெவிஞ்ச், மதுரைக் கலெக்டராக இருந்தவர். ஓடைகள் வந்து கூடும் ஒரு சதுப்புப் பள்ளத்துக்குக் குறுக்கே கரை போட்டு, 1863-இல் அந்த ஏரியை உண்டாக்கியவரும் அவர்தான். இதைப் புத்தகத்தில் படித்தது பின்னாளில். அதற்கு வெகுகாலம் முன்பே மாமா எனக்குச் சொல்லிவிட்டார், புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்து: "மலைக்கு அப்ப ரோடு ஏதுத்தா? போட்டு தானா ஏறி வந்துருமா? ஆளுகதான் தோளுல வச்சுத் தூக்கியாந்திருப்பாக."

மாமா வத்தலக்குண்டுக்காரர். சிமெண்டு லாரியில் கிளீனராக அரியலூர்ப் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்தவர், என் அத்தையைப் பெண் கேட்டுக் கட்டிக்கொண்டு போனார். போன கொஞ்ச நாளில் லாரியை விட்டுவிட்டு, அவருடைய அப்பா பார்த்துவந்த வேலைக்கே வந்துவிட்டார். ஏரிக்கரையில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்வீடு ஒன்று. அதற்குக் காவல், தோட்டம், சாவிக்கொத்து எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டுக்குப் பின்புறம், சரிவில், தகரம் வேய்ந்த இரண்டு அறைகள் அவர்கள் குடும்பத்துக்கு. அவுட்ஹவுஸ் என்பார்கள். கொடைக்கானல் என்றால் எல்லோருக்கும் ஏரியும் மூடுபனியும் நினைவுக்கு வரும். எனக்கு அந்த அவுட்ஹவுஸின் தகரக்கூரைதான் முதலில் வரும், அதன்மேல் விழும் மழைச்சத்தத்தோடு.

எங்கள் ஊர் செந்துறை, அரியலூருக்குப் பக்கம். அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. சித்திரை வந்தால் ஊரே முந்திரிக் கொல்லையில் கிடக்கும். விடியுமுன் போய் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, கொட்டையைத் திருகிச் சாக்கில் சேர்க்க வேண்டும். பழத்தை உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கரகரக்கும். சாறு பட்ட பாவாடையில் கறை போகவே போகாது. விற்றது போக வீட்டுக்கு வைத்ததை அம்மா ஓட்டுச் சட்டியில் வறுத்துப் போட, நாங்கள் கல்லால் தட்டிப் பருப்பெடுப்போம். அந்த ஓட்டின் பால் பட்டால் விரல் பொத்துப்போகும், கறுத்துத் தோல் உரியும். கோடை முழுக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கை அப்படித்தான் இருக்கும். செம்மண் தரை உள்ளங்காலைப் பொசுக்கும். ஏரி வெடித்துக் கிடக்கும். நடுப்பள்ளத்தில் மட்டும் மாடுகள் கலக்கிய கொஞ்சம் தண்ணீர்.

1982 கோடையில் முந்திரி விற்ற கையோடு அப்பா என்னை அழைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு மஞ்சள் பையில் முந்திரிப்பருப்பு, ஒன்றில் வேர்க்கடலை, அப்பாயி கட்டிக்கொடுத்த புளி, வரமிளகாய். செந்துறை ஸ்டேஷனில் திருச்சி பாசஞ்சர் ஏறினோம். அரியலூர் தாண்டி மருதையாற்றுப் பாலம் வந்ததும் பெட்டியில் பெரியவர்கள் பேச்சை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 1956 நவம்பர் 23 அன்று தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது அங்கேதான். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டது அந்த விபத்துக்காகத்தான். திருச்சியில் வண்டி மாறி, திண்டுக்கல் தாண்டி, கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கினோம். பேர்தான் கொடைக்கானல். மலை அங்கிருந்து 80 கிலோமீட்டர். அம்மையநாயக்கனூர் என்ற ஊருக்கு 1875-இல் ரயில் வந்தது. மலைக்குப் போகிற துரைமாருக்காக அந்த ஸ்டேஷனுக்கு வைத்த பெயர் அது.

பஸ் வத்தலக்குண்டு கடந்து காட்ரோடு வந்ததும் வளைவுகள் தொடங்கின. பாதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்கள். அப்பா என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகரச் சொன்னார். டம்டம் பாறைக்கு எதிரே எட்ட ஒரு மலைச்சுவரில் எலிவால் அருவி மெலிந்து தொங்கியது. ஏற ஏறக் காற்றின் வாசனை மாறியது. தைலமரத்துச் சருகும் ஈர மண்ணும் கலந்த வாசனை. ஊரில் தலைவலிக்குத் தடவுகிற எண்ணெய், காற்றாகவே வீசுகிற இடம் ஒன்று உண்டு என்பதை என்னால் நம்ப முடியவில்லை. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே பஸ் நின்றபோது, "ஏரி நெறைஞ்சு வழியிற தண்ணிதான் இது" என்றார் கண்டக்டர். மே மாதத்தில் நிறைந்து வழிகிற ஏரி! நான் எழுந்து நின்றே மிச்ச தூரம் போனேன்.

ஏரியைப் பார்த்ததும் நான் மாமாவிடம் கேட்டது இதுதான்: "இந்தத் தண்ணி எந்த வயலுக்குப் போவுது மாமா?"

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "இது பாசன ஏரி இல்லத்தா. பாக்குறதுக்கு வெட்டுனது."

எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் ஏரி என்றால் மதகு இருக்கும், கலிங்கு இருக்கும், யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை இருக்கும், முறை தவறினால் மண்டை உடையும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. இன்று பொன்னேரி என்கிற அதை, கங்கை நீரால் நிறுத்திய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமைப்படுத்துகிறது. சக்கரவர்த்தியின் வெற்றித்தூணாகப் பிறந்ததும் கடைசியில் வயலுக்குத்தான் பாய்ந்தது. ஆயக்கட்டே இல்லாத ஏரியை நான் அன்றுதான் பார்த்தேன். சுமார் 60 ஏக்கர் தண்ணீர். அது நட்சத்திரம் போலக் கை கையாகப் பள்ளங்களுக்குள் நீண்டு கிடந்தது. சுற்றிவர 5 கிலோமீட்டர் பாதை. தண்ணீரில் ஆட்கள் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள், எங்கும் போவதற்காக அல்லாமல்.

அப்படி ஓர் ஏரியும் அதைச் சுற்றி வீடுகளும் எதற்காகத் தேவைப்பட்டன என்பதை வளர்ந்தபின் தேடித் தேடிப் படித்தேன். தொடக்கம் துக்கமானது. மதுரையில் அமெரிக்க மிஷன் 1834-இல் வேலை தொடங்கியது. வந்தவர்களை வெயிலும் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. மனைவியையும் கைக்குழந்தையையும் அடுத்தடுத்துப் புதைத்தவர்கள் உண்டு. குளிர்ச்சி தேடி முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கே மலைக்காய்ச்சல். அதன்பிறகுதான் பழனி மலைத்தொடரின் உச்சிக்கு ஏறினார்கள். 1821-லேயே லெப்டினன்ட் வார்டு அந்த மலைகளை அளந்து போயிருந்தார். நீபோ குன்றின் அடியில் 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழுந்தன. கோடை வீடுகளின் ஊரான கொடைக்கானல் அந்த இரண்டு வீடுகளிலிருந்து வளர்ந்தது. வெயிலுக்கு அஞ்சி மலையேறியவர்களை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். அந்த வெயிலில் பிறந்தவள் நான். அது குழந்தைகளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஊர் வேகமாகப் பெருத்தது. லெவிஞ்ச் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கி, 1885-இல் சாகும்வரை அந்த ஊருக்காகவே உழைத்தார். 1872-இல் கோக்கர் என்ற அதிகாரி மலைவிளிம்பில் போட்ட நடைபாதை இன்றும் கோக்கர்ஸ் வாக். படகுச் சங்கம் 1890-இல் வந்தது. மிஷனரிப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பாமல் பக்கத்திலேயே படிக்கவைக்க 1901-இல் ஒரு பள்ளிக்கூடம், 1908-இல் பிரையண்ட் பூங்கா. குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-இல் கட்டப்பட்டது. கட்டியவர் யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து இந்து மதத்தைத் தழுவிய ஒரு வெள்ளைக்கார அம்மையார். ஆண்டுகள் இப்படி வரிசையாகக் கிடைக்கின்றன. வீடு கட்டியவர் பெயர், மரம் நட்டவர் பெயர், பாதை போட்டவர் பெயர் எல்லாமே கிடைக்கின்றன.

மாமாவின் தாத்தா பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மோட்டார் சாலை வந்தது முதல் உலகப்போர்க் காலத்தில்தான். அதற்கு முந்திய காலத்தில், ரயிலில் வந்து இறங்கிய குடும்பங்கள் இரவெல்லாம் மாட்டுவண்டியில் பயணம் செய்து, பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்கு வந்து சேரும். அங்கிருந்து செங்குத்துப் பாதை. தெம்பு உள்ளவர்கள் நடப்பார்கள், சிலர் மட்டக்குதிரையில் ஏறுவார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் நாற்காலியில் வைத்து, மூங்கில் கட்டித் தூக்கிப்போக ஆட்கள் இருந்தார்கள். மாமாவின் தாத்தா அப்படித் தூக்கியவர். பெட்டி படுக்கை, பீங்கான், பியானோ எல்லாம் மனிதத் தோளில்தான் மேலே போயின என்பார் மாமா. தாத்தாவின் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவு ஒரு காய்ப்பு இருந்ததாம். தூக்குகிற வேலை நின்றுபோய் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் அது கரையவில்லையாம். "சின்னப்புள்ளையில நான் அதத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன்" என்று சொல்லும்போது மாமாவின் கை தானாகத் தன் தோளுக்குப் போகும்.

அந்தக் கோடையில் மாமாவோடு நான் செய்த வேலை படகு சீர் செய்வது. பெரிய வீட்டுக்கு ஒரு பழைய துடுப்புப் படகு இருந்தது. சீசனுக்கு வீட்டுக்காரர்கள் வருமுன் அதைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டுக் கலப்பத்து அடிக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையிலிருக்கும் சந்தில் பழைய பஞ்சுத்திரியை மழுங்கிய உளியால் சுரண்டி எடுப்பார் மாமா. நான் புதுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, தொடையில் வைத்துத் திரித்து நீட்டுவேன். அவர் அதைச் சந்தில் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவார். ஒரே சீராகத் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் பலகை விரியும், மெல்லத் தட்டினால் பஞ்சு வெளியே வந்துவிடும். தட்டுகிற சத்தத்தை வைத்தே உள்ளே இடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார். பிறகு குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றுவார். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும். கடற்கரைக்காரர்களின் வேலை அது. மலைமேல் மாமாவுக்கு அவர் அப்பா கற்றுக்கொடுத்தது. அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ. "உன் விரலுக்கு என்னாத்தா ஆச்சு?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தார். முந்திரிப்பால் பட்டது என்றேன். அன்றிலிருந்து எண்ணெயில் நனைக்கிற வேலை எனக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார். அந்த எண்ணெய் ஊறி ஊறி, ஊருக்குத் திரும்புமுன் என் விரல்கள் ஆறிவிட்டன.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, கசிகிறதா என்று பார்க்க ஏரியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். விடியற்காலையில், வீட்டுக்காரர்கள் வருமுன், மாமா என்னையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டார். பனி தண்ணீரை ஒட்டிப் படர்ந்திருந்ததால் கரை தெரியவில்லை. நான் குனிந்து பலகைச் சந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் திணித்த பஞ்சு தண்ணீர் குடித்து ஊதி, சந்தை அடைத்து நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வீட்டுக்காரர்கள் வந்தபின் அந்தப் படகில் நாங்கள் ஏறவில்லை. அதை ஒரு குறையாகவும் அப்போது நினைக்கவில்லை. ஏரியில் மற்றவர்கள் எல்லோரையும் விட அந்தப் படகை எனக்கு நன்றாகத் தெரியும் என்ற பெருமை இருந்தது.

ஊரிலிருந்து நான் மாமாவுக்கென்று கொண்டுபோனது கல் நத்தைகள். செந்துறைப் பக்கத்து ஓடைகளில் மழைக்குப் பின் போனால் கிடைக்கும். நத்தை, சிப்பி வடிவிலேயே கல்லானவை. மாமா அவற்றை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். இயேசு சபைப் பாதிரியார்கள் 1895-இல் கல்லூரியோடு தொடங்கியது அது. பாடம் செய்த பறவைகள், பாம்புகள், பழைய கற்குவைகளில் எடுத்த மண்பாண்டங்கள், கண்ணாடி வீட்டில் ஆர்க்கிட் செடிகள். கல்லான பிராணிகளைப் பற்றி மாமா அங்கே ஒருவரிடம் கேட்டு வந்து சொன்னது எனக்குள் தங்கிவிட்டது: "உங்க ஊரு ஒருகாலத்துல கடலுக்கு அடியில கெடந்துச்சாம்த்தா."

உண்மைதான். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் வட்டாரத்தின்மேல் கடல் கிடந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் அந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் எழுதினார். அரியலூரின் பெயரைச் சுமக்கும் பாறைத்தொகுதி இன்று உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் கடலின் சுண்ணாம்புதான் எங்கள் சிமெண்டு ஆலைகளுக்குத் தீனி. 2009-இல் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறை அருகே ஓடையில் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டெடுத்தார்கள். நாங்கள் நத்தை பொறுக்கிய மாதிரி ஓடைதான் அதுவும். மலைமேல் ஒருவர் ஏரி கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், எங்கள் கரம்பில் இன்னொருவர் வற்றிப்போன கடலைக் குறித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். தண்ணீர் இல்லாத ஊர்ப் பிள்ளை என்று என்னைப் பற்றி இருந்த எண்ணம் அந்த ஒரு வாக்கியத்தால் மாறியது.

அத்தைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கல்யாணமாகிப் போய் வருஷங்கள் ஆகியும் காலையில் தண்ணீரில் கைவைக்கும்போது முகம் சுருங்கும். அப்பா கொண்டுபோன வேர்க்கடலைப் பையைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தது. கொல்லை மண்ணின் சூடு இன்னும் அதில் இருக்கிறது என்றது. "எல்லாம் கொண்டாந்திருக்கீங்கண்ணே. கொஞ்சம் வெயிலக் கட்டிக் கொண்டாந்திருக்கலாம்ல?" அப்பா சிரித்தார். பிறகு வெளியே போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். வெயிலிலிருந்து தப்பிக்க ஒரு கூட்டம் கடல் தாண்டி வந்து மலையுச்சியில் வீடு கட்டியது. அந்த வீட்டைக் காக்க வந்த என் அத்தை வெயிலுக்கு ஏங்கியது. இரண்டும் உண்மையான தவிப்புதான். ஒன்றுக்கு வரலாறு இருக்கிறது. இன்னொன்றை நான்தான் எழுத வேண்டும்.

அதே வருஷம் ஐப்பசியில் அத்தைக்கு இரண்டாவது பிரசவம். துணைக்கு அப்பாயி கிளம்பியது. தனியாகப் போகத் தெரியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டது. நான் பார்த்த மே மாதக் கொடைக்கானல் அங்கே இல்லை. குதிரைக்காரர்கள் இல்லை, ஐஸ் வண்டிகள் இல்லை. ஏரிக்கரைப் பங்களாக்கள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. மழை ஓயாமல் பெய்தது. ஈரத்துணி காயவே காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகையில் உலர்த்தினோம். அரிசியும் தீப்பெட்டியும் ஒன்றுபோல நமுத்தன. அது குறிஞ்சி பூத்த வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பூ சரிவெல்லாம் நீலமாகக் கிடந்து முடியப்போகிற நேரம். மழை விட்ட ஒரு பிற்பகலில் மாமா ஒரு கிளையை ஒடித்து வந்து வாசற்படியில் வைத்தார். இலையில் விரல் பட்டதும் பிசுபிசுத்தது. அடுத்த பூவுக்கு இந்தப் பிள்ளை இவ்வளவு உயரம் இருக்கும் என்று, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு மாமா கையால் உயரம் காட்டினார்.

பிள்ளை ஆண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அத்தைக்கு நடுக்கம். அவுட்ஹவுஸில் கணப்பு கிடையாது. இரும்புச் சட்டியில் கரி போட்டு வைப்பார்கள். மூடிய அறையில் அதை ரொம்ப நேரம் வைக்கக்கூடாது என்று அப்பாயி அடிக்கொருதரம் வெளியே எடுத்துவிடும். தகரக்கூரையின் உட்பக்கத்தில் பனிநீர் கோத்துச் சொட்டும். பிள்ளையின்மேல் விழாமல் இருக்க, அப்பாயி தன் சேலையை நாலாக மடித்துத் தொட்டிலுக்கு மேலே கட்டியது.

பெரிய வீட்டில் அறைக்கு அறை கணப்பு இருந்தது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் மாமா மூட்டவேண்டும். இல்லாவிட்டால் மெத்தை பூத்துப்போகும், புத்தகம் பூச்சி அரிக்கும், மரத்தரை ஊறி எழும்பிவிடும். அது வேலையில் சேர்ந்தது. சீசன் முழுக்க வெட்டி அடுக்கிய வாட்டில் விறகு அதற்கென்றே கொட்டகையில் இருந்தது. அந்த வாரம் மாமா சாவிக்கொத்தோடு புறப்பட்டபோது அப்பாயி கேட்டது: "யாருக்கு மாப்ள நெருப்பு மூட்டப் போறீங்க?"

"வீட்டுக்கு."

அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துச் சுருட்டி மாரோடு அணைத்துக்கொண்டது. அத்தையை எழுப்பி நடக்கவைத்தது. மாமா தடுக்கவில்லை. கூடத்துக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். நாற்காலிகள் எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. சுவரில் ஒரு காட்டெருமைத் தலை. பாச்சை உருண்டை வாசனையும் பழைய சாம்பல் வாசனையும். நாங்கள் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை, கணப்புக்கு எதிரே தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். விறகு பற்றிக்கொண்டதும் அறை மெல்ல மெல்ல நிறம் மாறியது. அத்தை காலை நீட்டி, உள்ளங்காலை நெருப்புக்குக் காட்டியது. சித்திரை வெயிலில் கொல்லைவரப்பில் உட்கார்ந்திருக்கிற முகம் அதற்கு வந்துவிட்டது. பிள்ளை கையை விரித்துப் போட்டுத் தூங்கினான். அப்பாயி அவனுக்கு எண்ணெய் தேய்த்து, கால்களை மடக்கி நீட்டி, எங்கள் ஊர்த் தாலாட்டு ஒன்றை முணுமுணுத்தது. மாமா மற்ற அறைகளுக்குப் போய்ப் போய் வந்தார். எல்லாக் கணப்பும் எரிந்தது. எல்லாப் புகைபோக்கியிலும் புகை போனது. ஏரிக்கு அக்கரையிலிருந்து பார்த்தவர்கள் துரைகள் வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நெருப்புக்கு உரிமையாளர்கள் யாரும் அன்று இல்லை. அதற்கு விறகு வெட்டியவர் இருந்தார், அது தேவைப்பட்ட பச்சைப்பிள்ளை இருந்தான். வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் ஆள் வாழ்கிற வீட்டை மிச்சப் பத்து மாதமும் சாகாமல் வைத்திருப்பது ஒரு குடும்பத்தின் முழுநேர வாழ்க்கை என்பதை நான் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். கோடை வாசஸ்தலங்களைப் பற்றி யார் எழுதினாலும் வீட்டின் அழகையும் விருந்தையும் படகுப் போட்டியையும் எழுதுகிறார்கள். ஐப்பசி மழையில் புகைபோக்கிக்குள் கைவிட்டுக் கரி எடுத்தவரையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வரலாறு.

அந்த வீடு இப்போது இல்லை. மிஷனரிகளிடமிருந்து மதுரைப் பக்கத்து மில்காரர் குடும்பத்துக்குப் போய், பங்குபிரிந்து, கடைசியில் விற்கப்பட்டது. இடித்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் நிற்கிறது. கணப்பு அறைக்கு அறை இல்லை. ஹீட்டருக்குத் தனிக் கட்டணம். மாமா, அவர் விரும்பிய மாதிரியே, ஏரி தெரிகிற மேட்டில் ஒரு சொந்த வீடு கட்டி அதில் கண்மூடினார். அத்தை அதன்பிறகு செந்துறைக்கே வந்துவிட்டது. பங்குனி சித்திரையில் எல்லோரும் நிழல் தேடும்போது, அது முற்றத்தில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக் காவல் இருக்கிறேன் என்று வெயிலிலேயே உட்கார்ந்திருக்கும். கல் நத்தைகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தது. இப்போது வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், "இது நம்ம வீட்டுலயே இருக்கே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

கணப்பின் முன் தூங்கிய பிள்ளை கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறான். ஏரிப் பக்கம் போனால் எனக்குப் போன் செய்து, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, பாசி எடுத்துவிட்டார்களா என்று சொல்வான். ஊர் தாங்காத அளவுக்கு வண்டிகள் வரத் தொடங்கி, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் மேலே போக இ-பாஸ் கட்டாயம் ஆகிவிட்டது. மாட்டுவண்டியும் மனிதத் தோளும் கொண்டுபோய்ச் சேர்த்த காலத்தில் யார் போகிறார்கள் என்பதற்குக் கணக்கு தேவைப்படவில்லை. இன்று ஒவ்வொரு வண்டியையும் எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணுவது நல்லதுதான் என்றே நினைக்கிறேன். 60 ஏக்கர் தண்ணீர் எவ்வளவு பேரைத் தாங்கும் என்று யாராவது கேட்டாக வேண்டும்.

போன கோடையில் என் பேத்திக்கு ஏரியைக் காட்டலாம் என்று அவனிடம் பாஸ் எடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"மே மாசம் வேணாம் மதினி. ரோட்டுலயே பாதி நாளு போயிரும். ஏரிய ஜனம் மறைச்சுக் கெடக்கும்" என்றான். "ஐப்பசியில வாங்க. எங்க வீட்டுல கணப்பு போட்டிருக்கேன். அம்மாவையும் கூட்டியாங்க."

அத்தையிடம் சொன்னேன். மழையில் எவள் வருவாள் என்றது. மறுநாள் பெட்டியிலிருந்து சுவெட்டரை எடுத்து வெயிலில் போட்டிருந்தது.